நோர்வேக் கொடியும் நமது ஒன்பது கம்பங்களும்

பேரன்பும் பெருந்தன்மையும் ஒருங்கே கொண்ட தலைவர் சண்முகலிங்கம் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், அளந்து பார்த்து அதே உயரத்தில் போடப்பட்ட நாற்காலியில், பெருந்தன்மையும் பேரன்பும் ஒருங்கே கொண்டு வீற்றிருக்கும் மற்றத் தலைவர் குணரத்தினம் அவர்களே! ஒருவருக்கும் ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஒஸ்லோ மாநகரிலிருந்து வந்து, இன்று மாலையே திரும்பிப் பறக்கவிருக்கும் சிறப்பு விருந்தினர் சிவமலர் அவர்களே! கழகத்தைக் கட்டி வளர்த்த பெரியோர்களே! வளர்ந்த கழகத்தை நடுவாக வகிர்ந்த அதே பெரியோர்களே! வீரம் விளைந்த வயிறுடைய தாய்மார்களே! பின்னால் சமையலறையில் றோல்ஸ் பொரித்துக்கொண்டே ஒரு காதை இங்கே விட்டுவைத்திருக்கும் சகோதரிகளே! புரோசார்ட்டிலிருந்து பாலம் கடந்து வந்தவர்களே! இல்-பிசாரில் பஸ்ஸுக்குக் காத்து நின்று பொறுமையைக் கற்றுக்கொண்டு வந்தவர்களே! சென்னையில் கணினி படித்து, மொன்றியலுக்கு வேலைக்கு வந்து, எங்கள் கையில் அகப்பட்டுக்கொண்ட தம்பி கிருஷ்ணகுமார் அவர்களே! எல்லாவற்றுக்கும் மேலாக, முன்வரிசையில் ஒரே நிறச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் கரப்பந்தாட்ட வீராங்கனைகளே! உங்கள் அனைவருக்கும் அருமைநாதனின் பணிவான வணக்கம்.

என்னை ஏன் இந்த மேடையில் ஏற்றினார்கள்? அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும் ஒரு பேச்சாளர் வேண்டும் என்று தேடினார்களாம். மொன்றியலில் நடுநிலையான தமிழன் ஒருவனைத் தேடிப் பிடிப்பது இலேசான வேலையா? தேடித் தேடிக் களைத்து ஈற்றில் என்னிடம் வந்தார்கள். கலங்கரை விளையாட்டுக் கழகம் என்னை விலக்கியது. அதிலிருந்து பிரிந்துபோன புதிய கலங்கரை விளையாட்டுக் கழகமும் என்னை விலக்கியது. இரண்டு வீட்டு வாசலும் சாத்தப்பட்டவனைவிட நடுவில் நிற்கிற ஆள் வேறு யார்? துறைமுகத்தில் லொறிகளை வரிசைப்படுத்தி அனுப்புகிற வேலை எனக்கு. யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று லொறிக்காரர் பிடிக்கிற சண்டையைக் கிழமை முழுவதும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் அதே சண்டை கேட்கக் கிடைத்தது நான் செய்த பாக்கியம்.

எனக்குத் தந்த தலைப்பு, நோர்வே நாட்டின் தேசியக் கொடி, அதன் வரலாறும் வடிவமும். விருந்தினர் நோர்வேயிலிருந்து வந்திருக்கிறார், அவர் மனம் குளிர இருபது நிமிடம் ஏதாவது பேசு, அதற்குள் உள்ளே தேத்தண்ணி கொதித்துவிடும் என்றார்கள். ஆனால் அன்பர்களே, தேத்தண்ணியை விடச் சூடான ஒரு விஷயம் இந்த மண்டபத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஓகஸ்ட் மாதம் ஒஸ்லோவில் புலம்பெயர் தமிழ்ப் பெண்களின் கரப்பந்தாட்டப் போட்டி. மொன்றியலுக்கு ஓர் இடம். ஓர் அணி, ஒரு கொடி. இரண்டு கழகம், இரண்டு கொடி என்றால் இடம் இல்லை. இரு தலைவர்களும் ஒரே கொடிக்கு 'ஓம்' சொல்லவேண்டும். அந்த 'ஓம்'மைக் கேட்டுக்கொண்டுதான் சிவமலர் விமானம் ஏறவேண்டும். சொல்லாவிட்டால்? பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். நமது இடம் ரொறன்ரோவுக்குப் போகும்.

ஆ! இப்போது கேட்கிறது 'ஐயோ' என்ற சத்தம்! பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்றபோது வராத சத்தம், ரொறன்ரோ என்றதும் கூரை வரை போகிறது. நல்லது, எந்த வழியால் வந்தாலும் உணர்ச்சி உணர்ச்சிதான்.

நோர்வேக் கொடியைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். தகுதியா? உலகத்தில் எவருக்கும் இல்லாத தகுதி நமக்கு உண்டு! நோர்வேக் கொடியை ஏற்றாமலே அதற்கு எழுந்து நின்று மரியாதை செய்தவர்கள் நாம்!

மறந்துவிட்டீர்களா? இரண்டு கோடைக்கு முன்னால், இல்-பிசார் பூங்காவில், நமது ஆண்டு விளையாட்டு விழா. அப்போது கழகம் ஒன்று. தலைவர் சண்முகலிங்கம், செயலாளர் குணரத்தினம். கழகம் ஒன்று, ஆனால் கொடியேற்ற ஆசைப்பட்ட பிரமுகர்கள் ஒன்பது பேர். ஒருவரை விட்டால் ஒருவருக்குக் கோபம். என்ன செய்தோம்? பிரமுகரைக் குறைத்தோமா? கொடியைக் கூட்டினோம்! கனடாக் கொடி, கியூபெக் கொடி, கழகக் கொடி, போட்டியிடும் இல்லங்களின் கொடி நான்கு, நடுவர் சங்கக் கொடி. எட்டு ஆகிவிட்டது, ஒருவர் மிச்சம். நல்லவேளையாக அந்த ஆண்டும் சிவமலர் விருந்தினராக வந்திருந்தார். ஆகவே நோர்வேக் கொடி! பூங்காப் புல்லில் குழி தோண்டக்கூடாது என்று நகரசபை சொல்லிவிட்டது. பெயின்ற் வாளிக்குள் சீமெந்து நிரப்பி ஒன்பது கம்பம் நாட்டினோம்.

ஒன்பதாவது கம்பத்தில் கொடியேற்ற வேண்டியவர் தலைவர். கொடியை வாங்கி வந்தவர் செயலாளர். கயிறு இழுக்கிறார் தலைவர், கொடி விரிகிறது, கை தட்டுகிறோம், படம் எடுக்கிறோம். நீல நிலம், வெள்ளை விளிம்பு, நடுவில் சிவப்புச் சிலுவை. அழகோ அழகு! ஒரேயொரு குறை. அது ஐஸ்லாந்து நாட்டுக் கொடி.

சிரிக்காதீர்கள் தாய்மாரே, நீங்களும் கை தட்டினீர்கள், நான் பார்த்தேன். நோர்வேயின் கொடி சிவப்பு நிலத்தில் வெள்ளை விளிம்போடு நீலச் சிலுவை. ஐஸ்லாந்தின் கொடி அதை உள்ளும் புறமும் மாற்றிப் போட்டது. இலங்கையில் பிறந்து கியூபெக்கில் வாழும் நாங்கள் அந்த இரண்டையும் குழப்பினால் அது மனித இயல்பு. பிறகு நடந்ததுதான் தமிழர் இயல்பு. குணரத்தினம் அண்ணை கண்டுபிடித்துவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணை, உது மாறிப் போச்சு! கெதியா இறக்குங்கோ!"

தலைவர் கயிற்றை விட்டாரா? விடவில்லை. "ஏத்தின கொடியை இடையிலை இறக்கிறதோ? கோயில்லை கொடியேறினாப் பிறகு திருவிழா முடியமுன்னம் இறக்குவினமோ? அபசகுனம்! நிக்கட்டும்!"

நின்றது. பூங்காவில் நடந்த விளையாட்டு விழாவுக்குக் கோயில் கொடியேற்றத்தின் விதியைக் கொண்டுவந்த பெருமை உலகத்தில் நமக்கு மட்டுமே உரியது! பாவம் சிவமலர், தன்னுடையது அல்லாத கொடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நேரே நின்றார். "வெக்கமாப் போச்சு தங்கச்சி" என்று நான் மெல்லப் போய்ச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லை அண்ணை. அவையும் எங்கட பக்கத்து வீட்டுக்காரர்தானே." அந்தப் பெருந்தன்மையில் ஒரு கரண்டி நமது செயற்குழுவுக்கு வார்த்திருந்தால் இன்று இந்தக் கூட்டமே தேவைப்பட்டிராது.

ஒன்பது கொடி, ஒன்பது பிரமுகர், ஒன்பது உரை. எல்லாம் முடிந்து முதல் ஓட்டத்துக்குப் பிள்ளைகள் கோட்டில் வந்து நிற்க, மழை வந்தது. அந்த ஆண்டு ஒரு பிள்ளையும் ஓடவில்லை. பிறகு கூடிய பொதுக்கூட்டத்தில், ஓடாத பிள்ளைகளைப் பற்றி ஒருவராவது பேசினாரா? பேசியது எதைப் பற்றி? பிழை வாங்கினவருடையதா, ஏற்றினவருடையதா! வாங்கினவர் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றது ஒரு பாதி. ஏற்றினவர் பார்த்து ஏற்றியிருக்க வேண்டும் என்றது மறுபாதி. "வாங்கினவரும் பாக்கேல்லை, ஏத்தினவரும் பாக்கேல்லை, கை தட்டின நாங்களும் பாக்கேல்லை, விடுங்கோவன்" என்றேன் நான். முதல் தடவையாக இரு பாதியும் ஒற்றுமைப்பட்டன. என்னை விலக்குவதற்கு!

கழகம் இரண்டாயிற்று. அதோடு கரப்பந்தாட்ட அணியும் இரண்டாயிற்று. பந்தை உயர்த்திக் கொடுப்பவள் ஒரு கழகத்தில், ஓங்கி அடிப்பவள் மறு கழகத்தில். உயர்த்தினால் அடிக்க ஆளில்லை, அடிக்க உயர்த்துவார் இல்லை. இது நாம் கொடிக்குச் செய்த மரியாதை.

சரி, தலைப்புக்கு வருவோம். நோர்வே என்ன, சண்டை தெரியாத நாடா? அவர்கள் கொடிக்காகப் பட்ட பாட்டைக் கேட்டால் நமது பாடு பஞ்சாகப் பறக்கும்.

நானூறு ஆண்டுக்கு மேலாக நோர்வே டென்மார்க்கோடு ஒட்டிக் கிடந்தது. டென்மார்க்கின் கொடி சிவப்பு நிலத்தில் வெள்ளைச் சிலுவை. அந்தக் கொடி எப்படி வந்ததென்று அவர்களிடம் ஒரு கதை உண்டு. எண்ணூறு ஆண்டுக்கு முன்பு எஸ்தோனியாவில் ஒரு போர். தோற்கும் நேரத்தில் வானத்திலிருந்து கொடி விழுந்ததாம்! நினைத்துப் பாருங்கள் அன்பர்களே! வானத்திலிருந்து விழுந்தால் வாங்கினவர் யார் என்ற கேள்வி இல்லை. ஏற்றினவர் யார் என்ற கேள்வியும் இல்லை. அதனால்தானோ என்னவோ அந்தக் கொடி இன்றுவரை நிலைத்து நிற்கிறது!

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கில் நோர்வே டென்மார்க்கை விட்டு விலகியது. விடுதலை என்று மூச்சு விட்டது. அடுத்த மூச்சு உள்ளே போகமுன் அதே ஆண்டில் சுவீடனோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஏழு ஆண்டு கழித்து, நமக்கென்று ஒரு கொடி வேண்டும் என்று நாடாளுமன்றம் கூடியது. ஆளுக்கொரு வடிவம் கொண்டுவந்தார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஈற்றில் பேர்கன் நகரத்து வணிகர், மெல்ட்சர் என்ற உறுப்பினர் தந்த வடிவம் வென்றது. அதில் என்ன இருந்தது? விட்டுவந்த டென்மார்க்கின் சிவப்பும் வெள்ளையும். கட்டிவைத்த சுவீடனின் நீலம். விடுதலைக்கென்று வரைந்த கொடியில் பழைய எசமானும் இருக்கிறான், புதிய எசமானும் இருக்கிறான்! இது தோல்வியா? இல்லை அன்பர்களே, இது துணிவு. பட்டதை மறைக்காமல், பகையை வளர்க்காமல், பக்கத்து வீட்டின் நிறத்தைத் தன் நிறமாக்கிக்கொண்ட துணிவு! அதே மூன்று நிறம்தான் அந்தக் காலத்தில் விடுதலை பேசிய நாடுகளின் நிறமும்.

சுவீடன் அரசரே நோர்வேக்கும் அரசர். சட்டத்துக்கு ஒப்புதல் தர மறுத்தார். ஆனால் பரவாயில்லை, வணிகக் கப்பலில் பறக்கட்டும் என்று விட்டார். அதற்கும் ஓர் எல்லை வைத்தார்கள். ஸ்பெயின் நாட்டில் பினிஸ்ரேர் என்றொரு கடல்முனை. அந்த முனை வரைக்கும்தான் நோர்வேக் கொடி. அதைத் தாண்டினால் இறக்கிவிட்டு சுவீடன் கொடியை ஒத்த பொதுக்கொடியை ஏற்றவேண்டும். ஏன்? அதற்குத் தெற்கே வட ஆபிரிக்கக் கடற்கொள்ளையர். அவர்களோடு உடன்படிக்கை வைத்திருந்தது சுவீடன். கொள்ளைக்காரனுக்குத் தெரிந்த கொடியைக் காட்டினால்தான் கப்பல் தப்பும்! பதினேழு ஆண்டு இப்படி நடந்தது. கரையில் வீரம், முனை வரைக்கும் மானம், முனைக்கு அப்பால் மௌனம்! நாங்கள் மட்டும் என்ன? இந்த மண்டபத்துக்குள் முழங்குகிற நாங்கள், வேலைத்தலத்தில் பொஸ் பிரெஞ்சில் "சவா?" என்று சுகம் கேட்டால் "சவா, சவா" என்று தலையாட்டுகிறோம் இல்லையா? நமக்கும் ஆளுக்கொரு பினிஸ்ரேர் உண்டு. யாரும் கையை உயர்த்த வேண்டாம்.

இனித்தான் கதையின் உச்சம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து நான்கில், இரு நாட்டுக்கும் சமமரியாதை தருகிறோம் என்று ஒரு சமரசம் செய்தார்கள். நோர்வேயின் நிறத்தையும் சுவீடனின் நிறத்தையும் வெட்டி, ஒட்டி, குறுக்காகப் பொருத்தி, இரு நாட்டுக் கொடியிலும் மேல்மூலையில் வைத்தார்கள். முதலில் மகிழ்ச்சி. போகப் போக மக்கள் அதைப் பார்த்தார்கள், மறுபடி பார்த்தார்கள், பிறகு ஒரு பெயர் வைத்தார்கள். என்ன பெயர்? மீன் சலாது! கண்டதையும் துண்டு துண்டாக வெட்டிக் கலந்து வைக்கிற மீன் சலாது! எல்லாருக்கும் இடம் கொடுத்த சின்னத்தில் ஒருவருக்கும் தன் முகம் தெரியவில்லை.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பார்த்திருக்கிறீர்கள், பார்த்திருக்கிறீர்கள்! ஒஸ்லோ அழைப்பு வந்ததும் நமது இரு கழகமும் கூட்டுக்குழு அமைத்துப் பொதுக்கொடி ஒன்று செய்தனவே, அது நினைவில்லையா? நீலத் துணியில் பனை ஒன்று. கப்பல் ஒன்று. கலங்கரை விளக்கம். யாழ். குத்துவிளக்கு. மேப்பிள் இலை. கியூபெக்கின் லில்லிப் பூ. கரப்பந்து. கிரிக்கெட் மட்டை. புத்தகம். இத்தனைக்கும் கீழே ஒற்றுமையைக் காட்டக் குலுக்குகிற இரு கைகள். அந்த இரு கையில் எந்தக் கை எந்தக் கழகத்துடையது, எது மேலே என்று இரண்டு கூட்டம் நடந்தது! என்ன சொல்கிறீர்கள், தம்பி கிருஷ்ணகுமார்? எழுந்து நின்று சொல்லுங்கள், பயப்படாதீர்கள்.

"சார், அந்த டிசைன் பண்ணது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா ஃபர்ஸ்ட் நான் வெறும் நீலம்தான் சார் குடுத்தேன். 'தம்பி, ஒரு பனை மட்டும் வையுங்கோ'ன்னு ஒருத்தர் ஃபோன் பண்ணாரு. பனை வந்தா கப்பல் வரணும்னு அடுத்தவர் சொன்னாரு. அதுக்கப்புறம் நான் ஃபோனையே எடுக்கல சார், ஆனா வீட்டுக்கே வந்துட்டாங்க."

உட்காருங்கள் தம்பி. உங்கள் மேல் குற்றம் இல்லை. நீங்கள் வடிவமைத்தது கொடி. நாங்கள் அதை மரக்கறிக் கடை ஆக்கினோம்.

நோர்வேக்காரர் மீன் சலாதை என்ன செய்தார்கள்? சும்மா இருந்தார்களா? எடு என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது, அரசர் மறுத்தார். மறுபடி செய்தது, மறுபடி மறுத்தார். மூன்றாம் தடவை செய்தது. மூன்றாம் தடவை அரசர் விரும்பாமலே அது சட்டமாயிற்று. மூலையிலிருந்த சலாதைக் கழற்றி எறிந்தார்கள். கிடைத்தது என்ன? புதிய கொடியா? இல்லை. மெல்ட்சர் தந்த பழைய கொடியே திரும்பக் கிடைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர், சுத்தமான கொடி. அன்பர்களே, சேர்த்துச் சேர்த்து அல்ல, கழற்றிக் கழற்றிக் கொடி செய்த நாடு அது!

இனி வடிவம். அந்தச் சிலுவை ஏன் நடுவில் இல்லை? ஏன் கம்பத்தின் பக்கமாக ஒதுங்கியிருக்கிறது? கம்பத்துக்கு அப்பால் நீளுகிற துண்டு கம்பத்துப் பக்கத் துண்டைப்போல் இரு மடங்கு நீளம். கப்பலில் காற்று வீசும்போது அந்த நீளத் துண்டு மடிந்து நெளிவதால் தூரத்திலிருந்து பார்க்கச் சிலுவை நடுவில் நிற்கிற மாதிரித் தெரியும் என்று சொல்வார்கள். எனக்கு வேறொரு விளக்கம் தோன்றியது. கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க யாருக்குத்தான் ஆசையில்லை? படம் எடுக்கிறவர் அங்கேதானே நிற்பார்! நமது விழாப் படங்களை எடுத்துப் பாருங்கள். கம்பத்தடியில் பிரமுகர் எட்டுப் பேர் ஒருவர் தோளில் ஒருவர். கொடியைக் காணவில்லை.

ஆனால் எந்தக் கொடியையும் ஒரு மாதம் காற்றில் விட்டுவிட்டு இறக்கிப் பாருங்கள். கம்பத்துப் பக்கம் புதிதாக இருக்கும். கிழிவது எது? தூர முனை! காற்றை வாங்குவது தூர முனை, மழையில் அடிபடுவது தூர முனை, படபடத்து இங்கே ஒரு கொடி பறக்கிறது என்று ஊருக்குச் சொல்வதும் தூர முனைதான். கழகம் என்ற கொடிக்கு நாம் கம்பத்தடி. தூர முனை அதோ, முன்வரிசையில், ஒரே நிறச் சட்டையில் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பகிடியாகப் பேசிக்கொண்டு வந்தேன், இதை மட்டும் பகிடியாகச் சொல்லவில்லை.

சிவமலர் எனக்கு ஒன்று சொன்னார். அவர் நோர்வேக்குப் போன புதிதில் வடக்கே ஒரு சின்ன ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை. மே பதினேழு அவர்களுடைய தேசிய நாள். தெருவில் சத்தம் கேட்டு வெளியே வந்தாராம். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் கையிலை கொடியோட பாடிக்கொண்டு போகுதுகள் அண்ணை. ஆமி இல்லை, பீரங்கி இல்லை. நான் பக்கத்து மனுசியைக் கேட்டன், பெரியாக்கள் எங்கை எண்டு. 'அந்தா, ஓரத்திலை நிண்டு கை காட்டீனம்' எண்டா. பேச்சு இல்லையோ எண்டன். 'இருக்கு, ஆனா அது பேந்து. இப்ப பிள்ளையளின்ரை நேரம்' எண்டா."

கேட்டீர்களா? ஒஸ்லோவிலும் அதுதான் வழக்கம். பிள்ளைகள் நடப்பார்கள், அரசர் மாடத்தில் நின்று மணிக்கணக்காகக் கை அசைப்பார். அரசருக்கே வேலை கை அசைப்பதுதான்! கயிறு இழுப்பதல்ல! ஒரு நாட்டுக்கு வந்த அறிவு ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு வரக்கூடாதா? வானத்திலிருந்து விழுந்த கதையை நம்ப முடிந்த நமக்கு, வயிற்றில் பிறந்த பிள்ளையை நம்ப முடியாதா? கொடி யார் கையில் இருந்தால் என்ன, பறப்பது பிள்ளைகளுக்காக அல்லவா? கொடி முந்தியதா, ஓட முடியாமல் மழையில் நனைந்த அந்தப் பிள்ளைகள் முந்தியவர்களா?

இன்னொன்றும் கேட்டேன் சிவமலரிடம். ஒஸ்லோவில் நமது கொடியை ஏற்றப்போவது யார்? ஏனென்றால் நமது பொதுக்கொடியைக் குழு ஏற்றுக்கொண்டு முடிந்தவுடனே, அதை அங்கே போய் ஏற்றுவது எந்தத் தலைவர் என்று அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. ஆகவே எல்லாம் மறுபடி நின்றுவிட்டது. அவர் சிரித்தார். "ஏத்திறதோ? அங்கை ஒருத்தரும் ஏத்திறேல்லை அண்ணை. மண்டபத்து வேலையாள் ஒராள் காலமை வந்து சுவரிலை ஒரு பொத்தானை அமத்துவார். எல்லாக் கொடியும் ஒண்டாக் கூரைக்குப் போகும். அந்த நேரம் அவர் கோப்பி குடிச்சுக்கொண்டு நிப்பார்."

தலைவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இரண்டு ஆண்டில் முதல் தடவை!

பிள்ளைகள், மேடைக்கு வாருங்கள். சண்முகலிங்கம் அண்ணையின் மகள் துஷாந்தினி, பந்தை உயர்த்திக் கொடுப்பவள். குணரத்தினம் அண்ணையின் மகள் ரக்ஷனா, ஓங்கி அடிப்பவள். தகப்பன்மார் கதைக்காமல் இருந்த காலம் முழுவதும் இந்த இருவரும் கதைத்தே இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு புரோசார்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பயிற்சி. உங்களுக்குத் தெரியாதா? தாய்மாருக்குத் தெரியும். கொண்டுபோய் விட்டதே அவர்கள்தானே! தாய்மார்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள், நான் மேலே எதுவும் சொல்லவில்லை.

கூட்டுக்குழுவின் அந்தக் கொடி இந்தப் பிள்ளைகளிடம்தான் இருந்தது. விரித்துப் பார்த்துவிட்டு துஷாந்தினி என்னைக் கேட்டாள், "செ த்ரோ, அங்கிள்! இவ்வளவத்தையும் ஆர் பாக்கிறது? ஒரு மரம், ஒரு கப்பல், ஒரு புத்தகம், எங்கட அணி எங்கை இதிலை?" அளவுக்கு மிஞ்சிப் போயிற்று என்று பிரெஞ்சில் சொல்கிறாள். பிறகு என்ன செய்தார்கள்? பயிற்சி முடிந்து சுற்றி உட்கார்ந்து, கத்தரிக்கோல் நுனியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்திருக்கிறார்கள். பனையைக் கழற்றி, கப்பலைக் கழற்றி, கை குலுக்குகிற கைகளையும் கழற்றி. விரியுங்கள் பிள்ளைகள். எல்லாரும் பார்க்கட்டும்.

வெறும் நீலம். கிட்ட வந்து பார்த்தால் ஊசி ஏறிய துளைகள் தெரியும். அது இருக்கட்டும். நாம் இருந்த இடம் அது. நமது சுத்தமான கொடி இதுதான், சபையோரே! கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், வேலை முடியவில்லை.

இந்த மண்டபத்தில் கம்பம் இல்லை. பெயின்ற் வாளி கொண்டுவரக்கூடாது என்று மண்டபக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், நமது புகழ் அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. ஆகவே இரண்டு பேர் பிடிக்கவேண்டும். சண்முகலிங்கம் அண்ணை, எழும்புங்கோ. அந்தப் பக்கத்து இரண்டு மூலையும் உங்களுக்கு. குணரத்தினம் அண்ணை, இந்தப் பக்கம். என்ன கேட்கிறீர்கள்? எது மேல்பக்கம் என்றா? இதற்கு மேலுமில்லை, கீழுமில்லை அண்ணை. எப்படிப் பிடித்தாலும் சரிதான். குணரத்தினம் அண்ணை, இழுத்துப் பிடியுங்கோ, நடுவில் தொய்கிறது.

இப்போது கடைசி வழக்கத்தைச் சொல்கிறேன். நோர்வேயில் கொடி நிலத்தில் படக்கூடாது. ஒருவர் விட்டால் படும். அதனால் சிவமலர் கேட்கிறதைக் கேட்டுப் பதில் சொல்லும் வரைக்கும் இருவரும் விடக்கூடாது. கேளுங்கள் சகோதரி.

"ரெண்டு அண்ணையும் சொல்லுங்கோ. உந்தக் கொடியோட, உந்தப் பிள்ளையளை அனுப்புறியளோ? ரெண்டு பேரும் ஓமெண்டால் ஓம். நான் போய்ச் சொல்லவேணும்."

இருவரும் கொடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். ஏன்? எனக்குத் தெரியும் ஏன் என்று. யார் முதல் சொல்வது என்ற சிக்கல்! முதல் சொன்னவர் தோற்றவர் ஆகிவிடுவார் அல்லவா? அண்ணைமாரே, கை உளையவில்லையா? உங்கள் முகத்தில் வியர்க்கிறது. அவர் சொன்னால் நான் சொல்கிறேன் என்று இருவரும் கண்ணால் சொல்கிறீர்கள். உள்ளே றோல்ஸ் ஆறுகிறது, வெளியே விமானம் காத்திருக்கிறது. ரொறன்ரோக்காரர் சட்டை தைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

யார் அது, துஷாந்தினியா? மைக்கைக் கேட்கிறாள், கொடுங்கள். "அப்பா, மாமா, நான் எண்ணுறன். நாங்கள் பந்து போட முன்னம் எண்ணுற மாதிரி. மூண்டுக்கு ரெண்டு பேரும் ஒண்டாச் சொல்லுங்கோ. அன், டு, த்ருவா!"

"ஓம்!"

கேட்டீர்களா? இரு தொண்டை, ஒரு சொல்! எது முந்தியது என்று யாராவது சொன்னால் அவரை நான் இரு கழகத்திலிருந்தும் விலக்கிவிடுவேன். இனிமேல் ஒரு கழகம்தான் என்றால் அதிலிருந்தும் விலக்குவேன்!

தலைவர்களே, விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வந்து மடித்து வாங்குகிறவரை பிடித்துக்கொண்டே நில்லுங்கள். எத்தனையோ கொடி ஏற்றியிருக்கிறீர்கள், இன்றுதான் ஒன்றைத் தாங்குகிறீர்கள், அது உங்களுக்கு நன்றாக இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த பெரியோருக்கும், கேட்காமலே நடத்தி முடித்த தாய்மாருக்கும், பக்கத்து வீட்டுக் கொடிக்கும் எழுந்து நின்ற சிவமலருக்கும், தையல் பிரித்த விரல்களுக்கும் என் நன்றி. ஒஸ்லோவில் அந்த வேலையாள் கோப்பியோடு பொத்தானை அமர்த்தும்போது, நாம் எல்லாரும் இங்கே எழுந்து நின்று கை அசைப்போம். வணக்கம்.